காங்கேயத்தில் மட்டும் கருகும் காயில்

வேலுமணி போன் செய்தபோது எபினேசர் ஒரு பழைய வேனின் அடியில் படுத்திருந்தார். போனை எடுக்காமலே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அந்த மனிதர் பொழுது விடிந்தும் விடியாமலும் கூப்பிட்டால் அது ஓவர்டிரைவ்தான்.

"ஏனுங்ணா, நல்லாருக்கீங்ளா? ஊட்ல எல்லாம் சொகந்தானுங்ளா? சாப்ட்டீங்ளா?"

கொங்கு நாட்டில் ஒருத்தரைக் குறை சொல்வதற்கு முன்னால் இத்தனையும் கேட்டாக வேண்டும். எபினேசர் எல்லாவற்றுக்கும் ஆமாங்க, சொகந்தானுங்க என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மீதிக்குக் காத்திருந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்ணா. மறுக்கா அதே கருகல் வாசம் வந்துபோச்சுங்."

வேனின் அடியிலிருந்து வெளியே வர அவருக்கு நேரமானது. முதலில் ஒரு முட்டி, பிறகு ஒரு கை, பிறகு கொஞ்சம் மூச்சு. வயது ஐம்பத்தெட்டு ஆகிறது. சிங்காநல்லூர் குளத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை. இருபது வருடமாக அதே எண்ணெய்த் தரையில் படுத்து எழுந்த உடம்பு. அன்றைக்கு எழுந்து உட்கார்ந்தவர், ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

வேலுமணிக்குக் காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில். குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அவருடைய ஒரே கிறுக்கு, அறுபது வருடத்துக்கு முந்தைய பச்சை நிற இங்கிலாந்துக் கார் ஒன்று. அதன் கியர்பெட்டிக்குப் பின்னால் ஓவர்டிரைவ் என்று தனியாக ஒரு பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. டாப் கியரில் போகும்போது ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் குச்சியைத் தட்டினால் டாப்புக்கும் மேலே இன்னொரு படி ஏறும். இன்ஜின் சத்தம் தணிந்து, வண்டி அதே வேகத்தில் அலுங்காமல் போகும். விடியற்காலையில் தாராபுரம் ரோட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து அந்தக் குச்சியைத் தட்டுவதுதான் வேலுமணியின் சந்தோஷம். வண்டியைச் சீர்செய்து கொடுத்த மாசி மாதத்திலிருந்து ஐப்பசி வரைக்கும் அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. கார்த்திகைக் கடைசியில்தான் வினை ஆரம்பித்தது.

அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சொலினாய்டு இருக்கிறது. குச்சியைத் தட்டினால் அதற்குள் இருக்கும் செப்புக்கம்பிச் சுருளுக்குக் கரண்ட் போகும். சுருள் ஒரு இரும்புத் தண்டை வெடுக்கென்று இழுக்கும், தண்டு ஒரு லிவரைத் தூக்கும், மீதி வேலையை உள்ளே இருக்கும் ஆயிலின் அழுத்தம் பார்த்துக்கொள்ளும். அந்தச் சுருளைத்தான் காயில் என்பது. அதில் இரண்டு சுற்று. தண்டை இழுப்பதற்குத் தடித்த கம்பியில் ஒன்று, இழுத்ததை விடாமல் பிடித்து வைக்க மெல்லிய கம்பியில் ஒன்று. தண்டு முழுதாக உள்ளே போய்விட்டால் இழுக்கிற சுற்றுக்கு வேலை முடிந்தது, அதற்குக் கரண்ட் நின்றுவிடும்.

முதலில் கருகியது வண்டியோடு வந்த பழைய காயில். அறுபது வருடம் உழைத்ததற்கு மேல் அதை என்ன கேட்க முடியும்? எபினேசர் அதைக் கழற்றி, வீட்டுக்கு எடுத்துப்போய், மனைவியின் கையில் கொடுத்தார்.

சாராள் ஆவாரம்பாளையத்தில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் காயில் கட்டுகிறாள். கல்யாணமான மறுவருடம் போனவள், இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள். கிணற்று மோட்டார், கிரைண்டர் மோட்டார், மில் மோட்டார் என்று அந்தக் கடைக்கு வரும் கஷ்டமான காயிலெல்லாம் அவளுடைய மேஜைக்குத்தான் போகும். சாராள் கட்டியது என்றால் கடைக்காரர் சோதித்துக்கூடப் பார்ப்பதில்லை. போன வருடம் ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி போனாள். கம்பி இரண்டாகத் தெரிகிறதோ என்று ஒரு பயம் அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது. ஒரே ஒரு தடவை, ஜெபம் முடித்து எழுந்திருக்கும்போது, அதை எபினேசரிடம் சொன்னாள். அவர் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார்.

அவள் கட்டிய முதல் காயில் பட்டறையில் ஜம்மென்று வேலை செய்தது. வேலுமணியின் டிரைவர் செங்கோடன் உச்சி வெயிலில் வண்டியைக் கொண்டுவந்திருந்தார். சாவியைத் திருகிக் குச்சியைத் தட்டினால் டக்கென்று சத்தம். ஓட்டிப் பார்த்தார்கள், தட்டின மாத்திரத்தில் பிடித்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, காங்கேயத்தில் கருகிவிட்டது. இரண்டாவது காயிலுக்கும் அதே கதை. பட்டறையில் டக், காங்கேயத்தில் கருகல்.

எபினேசர் சோம்பேறி இல்லை. ஆயில் மட்டம் பார்த்தார். வயரை நுனியிலிருந்து நுனி வரை தடவிப் பார்த்தார். டாப் கியரில் மட்டும் கரண்ட் விடும் சின்ன ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தார். லிவர் சரியான உயரத்தில் நிற்கிறதா என்று அதன் துளையில் கம்பியைச் செருகிப் பார்த்தார். கேஜ் மாட்டி அழுத்தம் பார்த்தார். தண்டு எண்ணெய் மினுமினுப்போடு வழுவழுவென்று போய்வந்தது. டிரைவர் வண்டியை நன்றாகத்தான் வைத்திருக்கிறார் என்று அதைத் துடைத்து மாட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருப்பதைப் போல ஒரு மெக்கானிக்கைச் சோர்ந்துபோக வைப்பது வேறெதுவும் இல்லை.

"அங்க கருகறதில்ல, எங்கூர்லதானுங்ணா கருகுது," என்றார் வேலுமணி அன்றைக்குப் போனில். "எங்கூர்க் காத்து அதுக்கு ஒத்துக்கலியாட்ட இருக்குது. நீங்களே ஒருக்கா வந்து பாத்தா தேவலைங். கோவிச்சுக்காதீங்ணா, ஆவாரம்பாளையத்துல வேற யாராச்சும் நல்லாக் கட்டுவாங்களா?"

அந்தக் கடைசி வார்த்தை எபினேசருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் கட்டிய இரண்டாவது காயில் கருகிப்போய்ப் பஸ்ஸில் பார்சலாக வந்தது. சாராள் அதைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பிரித்தாள்.

"ஏனுங்க, இதைப் பாருங்க. போன தடவையாட்டவே இழுக்கற சுத்து மட்டுந்தான் கருகியிருக்குது. புடிக்கற சுத்து புதுசாட்டவே இருக்குது. ரெண்டையும் இந்தக் கைதானுங்களே கட்டுச்சு?"

அன்று காலையிலிருந்து அவர் மூன்று வண்டிக்கு அடியில் படுத்து எழுந்திருந்தார். இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவள் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"எல்லாத்தையும் பாத்துப்போட்டேன் சாரா. ஆயிலு, வயரு, லிவரு ஒண்ணு பாக்கியில்ல. மிச்சம் இருக்கறது உன் காயில் ஒண்ணுதான். உன் கை முன்ன மாதிரி இல்ல, அவ்வளவுதான்."

சாராள் பிரித்த கம்பியைச் சுருட்டி ஒரு கவரில் போட்டாள். அடுப்பைப் பற்றவைத்தாள். அடுத்த இரண்டு நாள் அவள் எப்போதும் போலத்தான் இருந்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள். எபினேசரும் அதை மறந்துவிட்டார். சொன்னவருக்கு மறப்பது சுலபம்.

காலையில் அவள் இரண்டு டிபன் டப்பா கட்டுவாள். அவருடையது பெரியது, அவளுடையது சின்னது. சின்ன டப்பாவின் மூடியில் ரப்பர் வளையம் தளர்ந்துபோய்விட்டது. ரசம் ஊற்றினால் பஸ்ஸிலேயே பையெல்லாம் நனைந்துவிடும். மாற்றிக் கொடுங்க என்று அவள் கேட்காத மாதம் இல்லை. ஊரார் வண்டியில் ஒரு சொட்டு ஒழுகினால் சோறு இறங்காத மனிதர், வீட்டு டப்பாவுக்கு நாளைக்கு நாளைக்கு என்றார். அவளும் ரசத்தை விட்டுவிட்டுப் பொரியலும் தயிருமாகக் கொண்டுபோனாள்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்றாவது காயிலைக் கட்டி எடுத்துக்கொண்டு சாராள் நேராகப் பட்டறைக்கு வந்தாள். துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இத்தோட முடிஞ்சுதுங்க. கடையில சொல்லிப்போட்டேன், திங்கக்கிழமைல இருந்து வரலைன்னு. பக்கத்து மேஜை லின்சி புள்ளைக்கு என் கத்தரிக்கோலைக் குடுத்துட்டேன்."

"என்னாச்சு திடீர்னு?"

"நீங்கதானே சொன்னீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒரு விவசாயி மோட்டாரு என்னால கருகி, கிணத்துல தண்ணியிருந்தும் பயிரு காஞ்சா அந்தப் பாவம் எனக்கு வேண்டாங்க."

சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு போய்விட்டாள். காயில் கருகியது நிஜம். அது அவள் கட்டியதும் நிஜம். ஆனாலும் எபினேசருக்கு ஒரு தடவை நேரிலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும் போல இருந்தது. காயிலையும் ஸ்பேனர் பையையும் எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காங்கேயம் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. செங்கோடன் வண்டியை மில்லுக்குப் பின்னால், அடியில் இறங்கி வேலை பார்ப்பதற்கு வெட்டிய பள்ளத்தின் மேல் நிறுத்தி வைத்திருந்தார். அவருக்கும் எபினேசர் வயதுதான் இருக்கும். அந்த வண்டியைச் சொந்தக் கன்றுக்குட்டி மாதிரி பார்த்துக்கொள்கிற மனிதர். எபினேசர் தண்டைத் துடைத்து, புதுக் காயிலை மாட்டி, லிவரின் துளையைச் சரிபார்த்து, குச்சியைத் தட்டச் சொன்னார். டக். இன்னொரு தடவை. டக். எப்போதும் போல ஒரு குறையும் இல்லை.

"போய்ப் படுங்ணா, அலுத்துப்போய் வந்திருக்கீங்க," என்றார் செங்கோடன். "மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

எடை மேடைக்குப் பக்கத்து அறையில் கட்டில் போட்டிருந்தார்கள். எபினேசர் படுத்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

மார்கழிப் பனி காங்கேயத்து வெட்டவெளியில் சும்மா விடாது. விடியற்காலை வேலுமணி மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்தார். எபினேசர் டார்ச்சோடு பள்ளத்தில் இறங்கினார்.

"இன்ஜினை ஸ்டார்ட் பண்ண வேண்டாமுங்க. சாவியை மட்டும் போட்டு, டாப் கியருக்குத் தள்ளிக் குச்சியைத் தட்டுங்க."

டக் சத்தம் வரவில்லை. ம்ம்ம் என்று ஒரு உறுமல் மட்டும் வந்தது. காயில் இழுக்கிறது, இழுத்துக்கொண்டே இருக்கிறது, தண்டு அசைய மாட்டேன் என்கிறது. எபினேசர் சொலினாய்டின் மேல் கை வைத்தார். சூடு ஏறிக்கொண்டிருந்தது.

"அணைங்க. அணைச்சுப்போடுங்க சீக்கிரம்."

ரப்பர் உறையை நீக்கித் தண்டில் விரலை வைத்தார். முந்தின நாள் சாயங்காலம் அவர் துடைத்துவிட்டுப் போன இரும்பில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. விரலில் எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். பிறகு பள்ளத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு, "செங்கோடண்ணா," என்று கூப்பிட்டார். "இதுல என்னங்க போட்டீங்க?"

"நம்ம எண்ணெய்தானுங்." செங்கோடன் குனிந்து பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். முகத்தில் பெருமை. "நீங்க மாட்டிப்போட்டுப் போனதும் ஒரு கை ஊத்தி உட்டேனுங். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வண்டியைக் கழுவி, அசையற இடத்துக்கெல்லாம் நானே ஊத்தறதுதானுங். கதவுக் கீலு, பெடலு, இந்தத் தண்டு, எதையும் உடறதில்லீங். செக்குல எறங்குன மொதத்தர எண்ணெய்."

அவர் நீட்டிய எண்ணெய்க் கிண்ணத்தை எபினேசர் வாங்கிக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. எண்ணெய் கிண்ணத்தோடு வெள்ளையாக உறைந்து கிடந்தது.

மத்தியான வெயிலில் சிங்காநல்லூருக்கு வந்து சேரும்போது அது உருகி மினுமினுக்கும். அதைப் பார்த்துத்தான் அவர் டிரைவரை மனசுக்குள் மெச்சிக்கொண்டார். வாசனை வராமலா இருந்திருக்கும்? அந்த வண்டியின் சீட்டு, மேட்டு, செங்கோடன் சட்டை எல்லாமே தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கும்போது, தண்டில் மட்டும் தனியாக எங்கே தெரியப்போகிறது? விடியக்காலத்துக் குளிரில் எண்ணெய் தண்டை இறுக்கிப் பிடிக்கும். பாதியில் நின்ற தண்டை இழுக்கிற சுற்று இழுத்துக்கொண்டே இருக்கும். ஓய வழியில்லாமல் அதுதான் கருகும். பிடிக்கிற சுற்றுக்கு ஒன்றும் ஆகாது.

ரெண்டையும் இந்தக் கைதானுங்களே கட்டுச்சு? அவள் கேட்டது இப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது.

இத்தனைக்கும் எபினேசர் ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் பிறந்து வளர்ந்தவர். அப்பா மாசாணத்துக்குத் தோப்பில் பண்ணைக் கூலி வேலை. மார்கழி வந்தால் அம்மா எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைத்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குத் தலை வாருவாள். மிஷன் விடுதியில் படித்து, பதினேழு வயதில் கோயமுத்தூர் வந்து, ஒரு பஞ்சாலை முதலாளியின் கார் ஷெட்டில் எடுபிடியாகச் சேர்ந்து, அங்கேதான் இந்த ஓவர்டிரைவ் சங்கதியெல்லாம் கற்றுக்கொண்டார். ஆலை மூடிய பிறகு தனிப் பட்டறை. இத்தனை வருடத்தில் எத்தனையோ வண்டியின் கோளாறைக் கண்டுபிடித்த மனிதருக்கு எண்ணெய் குளிரில் உறையும் என்பது தோன்றவில்லை. பெண்டாட்டி கை சரியில்லை என்பது மட்டும் உடனே தோன்றிவிட்டது. நல்ல மூளைதான், போங்கள்.

ஒரு சொம்பு வெந்நீர் வாங்கித் துணியை நனைத்துச் சொலினாய்டைச் சுற்றிப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டச் சொன்னார். டக்.

செங்கோடன் முகம் விழுந்துபோயிற்று. "நம்ம எண்ணெயில ஒருத்தர் ஒரு குத்தஞ் சொன்னதில்லீங்," என்றார்.

"எண்ணெயில குத்தமில்லீங்ணா. தலைக்கு வைக்கறதைத் தண்டுக்கு வெச்சது ஒண்ணுதான். நாங்கூடத் துடைக்கறப்பல்லாம் பாத்தேன், கேக்கலையே. உங்களைச் சொல்லி என்ன பண்றது?"

தண்டைப் பெட்ரோலில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இல்லாமல் மாட்டினார். பிறகு தாராபுரம் ரோட்டில் போனார்கள். வேலுமணி குச்சியைத் தட்டினார். சத்தம் தணிந்தது, வண்டி மிதந்து போனது. வேலுமணி சின்னப் பையன் மாதிரி சிரித்தார். திரும்பி, "அந்தம்மாகிட்டச் சொல்லுங்ணா, நான் ஒண்ணு சொல்லிப்போட்டேன், மனசுல வெச்சுக்க வேண்டாம்னு," என்றார்.

"நீங்க எங்கிட்டச் சொன்னீங்க. அவகிட்டச் சொன்னது நானுங்க," என்றார் எபினேசர். வேலுமணிக்கு அது புரியவில்லை. அவர் மறுபடி குச்சியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வீடு வந்து சேர்ந்தபோது ஆராதனை முடிந்து சாராள் வந்துவிட்டிருந்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து, கிண்ணத்தைக் கவிழ்த்தது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியில், "நான் சொன்னது தப்பு சாரா. உன் கைக்கு ஒண்ணும் ஆகல," என்றார்.

அவள் மீதி வெங்காயத்தையும் உரித்து முடித்தாள்.

"ஆயிலைப் பாத்தீங்க, வயரைப் பாத்தீங்க, லிவரைப் பாத்தீங்க," என்றாள் பிறகு. "என் கையை மட்டும் பாக்கவே இல்லீங்களே. பாக்காமயே சொல்லிப்போட்டீங்க. அதுதாங்க எனக்கு ஆறல. முப்பது வருசம் கூட இருக்கற மனுசன் சொன்னா, நானும் நம்பிப்போட்டேன். கடையில சொல்லிட்டு வாரப்போ கம்பி நெசமாலுமே ரெண்டாத் தெரிஞ்சுதுங்க."

"இப்ப?"

"இப்ப எனக்குத் தெரியல."

"நாளைக்குப் போறியா?"

"பாக்கலாம்." எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவருக்கு உடம்பெல்லாம் வலித்தது. படுக்கலாம் என்று போனவர், படுக்கவில்லை. சமையலறை அலமாரியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தார். ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் அவரை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை சமையலறை மேடையில் ஒரே ஒரு டப்பாதான் இருந்தது, பெரிய டப்பா. சாராள் சோற்றை அதில் அள்ளி வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். எபினேசர் தன் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து வைத்தார். கரண்டியைத் தேடி எடுத்துச் சோறு போட்டார். மேல் தட்டில் ரசத்தை ஊற்றினார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. "அதுல ரசம் ஊத்தாதீங்க, ஒழுகும்," என்றாள் அவள் திரும்பாமலே.

"ஒழுகாது. வளையம் மாத்திட்டேன்."

சாராள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். டப்பாவை எடுத்து மூடியை அழுத்தினாள். அவர் சொன்னதை நம்பி விட்டுவிடவில்லை. தொட்டியின் மேல் அதை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மூடியின் விளிம்பைச் சுற்றிலும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள். அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

ஒரு சொட்டு விழவில்லை.

அவள் டப்பாவை நிமிர்த்திப் பைக்குள் வைத்தாள். "கடை வரைக்கும் வண்டியில கொண்டுபோய் உடுங்க," என்றாள். "போற வழியில ஒரு கத்தரிக்கோல் வாங்கோணும். குடுத்ததைத் திரும்பக் கேக்க முடியாதுங்களே."